சிவப்பு எரியாத அளவு

மார்ச் 3, செவ்வாய்

வெட்கக்கேடு, இங்கே மட்டும் எழுதுகிறேன். புது மைக் வாங்கி வந்து பதினொரு நாளாக அதன் முதுகைப் பார்த்துப் பேசியிருக்கிறேன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டதால், குரலைக் கூட்டிக் கொடுக்கும் ப்ரீஆம்ப் பெட்டியின் குமிழைக் கடைசிவரை திருகினேன். ஒரே இரைச்சல். அதையும் மீறிக் கேட்கட்டும் என்று தொண்டை கிழியக் கத்தினேன். இன்று தூசி துடைத்த வீட்டுக்காரி, “இந்தப் பக்கம்தான் ஏதோ படம் போட்டிருக்கு. இதுதான் மூஞ்சியா இருக்கும்” என்றாள். அதுதான் மூஞ்சி.

தள்ளுவண்டிக்காரர்கள் ஸ்பீக்கரில் போடுகிற கூவல் எல்லாம் என் குரல். பதினாறு வருஷத் தொழில். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

மார்ச் 5, வியாழன்

தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாணில் கட்டியாம். பதினாறாம் தேதி ஆபரேஷன். அதன் பிறகு ஆறு வாரம் வாய் திறக்கக் கூடாது. அதுவரைகூட ஒரு நாளைக்கு இரண்டு தடவைக்கு மேல் கத்தக் கூடாது. “இதெல்லாம் என் வீட்டுக்காரி சொல்லிக்குடுத்ததா டாக்டர்?” என்றேன். அவர் சிரிக்கவில்லை. பழைய குரல் வருமா என்று கேட்டேன். “பாக்கலாம்” என்றார்.

மார்ச் 6, வெள்ளி

பாக்கலாம் — அப்படியென்றால் என்ன?

மார்ச் 8, ஞாயிறு

எட்டு வண்டிக்குப் புதுக் கூவல் பதிய வேண்டும். இல்லாவிட்டால் வேறு குரல் தேடிப் போய்விடுவார்கள். தொண்டையை மிச்சம் பிடிக்க மெதுவாகப் பேசிக் குமிழை வைக்கிறேன். பிறகு நிஜமாகக் கூவினால் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து, குரல் தகரம் மாதிரி உடைகிறது. இன்றைய இரண்டும் போச்சு.

“அளவு பாக்கறப்ப புது மாப்பிள்ளை மாதிரி பேசறீங்க. அப்புறம் சண்டைக்குப் போற மாதிரி கத்தறீங்க. பெட்டி பாவம், என்ன பண்ணும்?” என்றாள் வீட்டுக்காரி.

சரிதான். முழுசாகக் கத்தித்தான் அளவு வைக்கணும். தொண்டை தினம் ஒரு மாதிரி இருப்பதால் நேற்றைய அளவு இன்று ஆகாது. இருக்கிற இரண்டு கத்தலில் அளவுக்கு ஒன்று போனால் எப்போது முடிப்பேன்? போர்வை கட்டிய அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தே இருந்தேன். எழுந்திருக்கத் தோன்றவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

“அளவுக்கு நான் கத்தறேன், நீங்க திருகுங்க” என்றாள் வீட்டுக்காரி.

“என்னைத் திட்டறதையே காதுக்குள்ளதான் திட்டுவே. நீயாவது கத்தறதாவது!”

இருபத்திரண்டு வருஷத்தில் இவள் சத்தம் அடுத்த வீட்டுக்குப் போனதில்லை. மைக் முன்னால் நின்றாள். “உருளைக்கிழங்கு!” விளக்கு பச்சையிலிருந்து சிவப்புக்கு ஒரே தாவல். குமிழைக் கொஞ்சம் இறக்கினேன். மறுபடி கூவினாள். மஞ்சளில் நின்றது. ஹெட்போனைக் கழற்றாமல் நின்றேன்.

“என்ன முழிக்கறீங்க?”

ஒன்றுமில்லை என்றேன். அதே அளவில் நான் கூவினேன். சரியாகத்தான் வந்தது. அவள் கூவினதுபோல இல்லை.

மார்ச் 15, ஞாயிறு

ஐந்து முடிந்தது. வெங்காயம், உப்பு, பழைய பேப்பர் பாக்கி. இனி முடியாது. நாளை காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

மார்ச் 18, புதன்

ஆயிற்று. எல்லாம் சிலேட்டில்தான். பெண்டாட்டியோடு சண்டை போடக்கூட எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது. நான் ஒரு வரி எழுதுவதற்குள் அவள் சமாதானமாகிவிடுகிறாள்.

மார்ச் 24, செவ்வாய்

பாக்கி மூன்றையும் நீயே கூவு என்று எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதிக் காட்டினேன்.

“அது உங்க இடமாச்சே” என்றாள்.

‘குமிழ் என்னுது. வாய் உன்னுது.’

“இத்தனை வருஷம் வாய் உங்ககிட்ட இருந்துச்சு. எனக்குக் குமிழ்கூடக் கிடைக்கலை” என்றாள். சிரிக்கவும் கூடாதாம். மூக்கால் சிரித்துக்கொண்டேன்.

மார்ச் 27, வெள்ளி

நேற்று அவள் கூவிய பதிவைக் காலையில் வெங்காய வண்டிக்காரருக்கு அனுப்பினேன். பத்து மணிக்கு வண்டி எங்கள் தெருவுக்கு வந்தது. வீட்டுக்காரி குரல். தெருமுனைவரை கணீரென்று, ஓர் உடைசல் இல்லாமல்:

“வெங்காயம்! வெங்காயம்! போதுமா? சிவப்பு எரியுதா? ஏங்க, தலையை ஆட்டினா என்ன அர்த்தம், எழுதிக் காட்டுங்க! வெங்காயம்!”

அளவு பார்த்த பதிவை அனுப்பியிருக்கிறேன்.

கூப்பிட்டு நிறுத்தக் குரல் கிடையாது. சிலேட்டை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நடந்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நாலு தெரு நடந்தேன். வண்டியில் வெங்காயம் விற்றுத் தீர்ந்துவிட்டது.