சோம்பு பன் இருக்குதுங்களா?

அத்தை,

இன்று காலை அம்மா குழம்புக்கு மசாலா வறுத்துக்கொண்டிருந்தாள். வாணலியில் சோம்பு விழுந்ததும் அந்த வாசனை கூடத்தைத் தாண்டி, மாடிப்படியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த என்னிடம் வந்தது. இது ஞாயிற்றுக்கிழமை என்பதும் காலை நேரம் என்பதும் எனக்கு மறந்துபோயின. திருச்செங்கோட்டு பஸ் வந்துவிட்டது, நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றுகிறீர்கள், தோள்பையிலிருந்து அந்தக் கவரை எடுக்கப்போகிறீர்கள் என்று நினைத்துப் புத்தகத்தை மூடிவிட்டேன். மூடிய பிறகுதான் நினைவு வந்தது. மறுபடி திறக்க மனமில்லாமல் இதை எழுத உட்கார்ந்தேன். உங்களிடம் சொல்ல ஒரு செய்தியும் இருக்கிறது.

உங்களுடைய பன்னைப் பற்றியதுதான். உங்களுக்குத் தெரியாததில்லை, என்றாலும் அதை எழுத்தில் பிடிக்க முடிகிறதா என்று பார்க்கிறேன். உள்ளங்கையில் அடங்கும். மேலே அடர்பழுப்பாக மினுங்கும். பிய்த்தால் உள்ளே அங்கங்கே சோம்பு. இனிப்பு இருக்கும், ஆனால் இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளாது. கிரீம் கிடையாது, செர்ரி கிடையாது, கவரின் மேல் பெயர்கூடக் கிடையாது. "இந்த வெறும் பன்னுல என்னத்தைத்தான் கண்டீங்களோ" என்று அம்மா கேட்டால், "நாளெல்லாம் போர்வெல் ரிக் வண்டி ஆபீசுல டிரைவருங்ககிட்டக் கத்திப்போட்டு, பஸ்ல நின்னுக்கிட்டே வந்து பாரு, தெரியும்" என்பீர்கள்.

உங்களை அழைத்துவர நான் பஸ் நிறுத்தத்துக்கு வருவேன். இருவரும் நடந்தே வீட்டுக்குத் திரும்புவோம். முதல் கடையிலேயே பன் கிடைத்துவிடும். பையில் போட்டுக்கொள்வீர்கள். அதோடு முடிந்ததா? அடுத்த டீக்கடையில் நின்று, "ஏனுங்க, சோம்பு பன் இருக்குதுங்களா?" என்று கேட்பீர்கள். அதற்கடுத்த மளிகைக் கடையிலும் கேட்பீர்கள். பெட்டிக்கடையையும் விடமாட்டீர்கள். இருக்கிறது என்று எடுத்து நீட்டினால், "இருக்கட்டுங்க, நாளைக்கு வாரேன்" என்று நகர்ந்துவிடுவீர்கள்.

நான் ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன்.

"அதான் வாங்கியாச்சில்லங்கத்தை, அப்பறம் ஏனுங்க எல்லாக் கடையிலயும் கேக்கறீங்க?"

"வாங்கறதுக்கா கேக்கறேன்? நாளைக்கு எடுத்து வெக்கோணும்னுதான் கேக்கறேன். கேக்காத பண்டம் கடைக்கு வராது சாமி."

அப்பாவுக்கு இது பிடிக்கவே பிடிக்காது. ஆட்டையாம்பட்டி என்றால் கைமுறுக்கு என்று வெளியூர்க்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி வாங்கிப்போகிறார்கள். இந்த ஊரில் தன் அக்கா பன்னைக் கேட்டுக் கடை கடையாக நிற்பது தறிக்காரர்கள் மத்தியில் தனக்குத் தலைகுனிவு என்பார். முறுக்குக் கடை அம்மாவும் உங்களை விடமாட்டார். "முறுக்கு ஊருல பொறந்துபோட்டுப் பன்னு பன்னுன்னு அலையறயே, ஊரே சிரிக்குது பாரு" என்பார். ஒருநாள் நீங்கள் நடையை நிறுத்தாமலே பதில் சொன்னீர்கள்: "முறுக்கு பல்லு இருக்கறவங்களுக்குங்க. பன்னு எல்லாத்துக்கும்." அந்த அம்மா சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த இரண்டு பற்களும் தெரிந்தன. அவரே அடுத்த நாள் ஒரு பன்னுக்குச் சொல்லிவைத்தார்.

நானோ கடையில் வாய் திறக்கத் தெரியாதவள். எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் வாங்கிக்கொண்டு போன பிறகும் நான் கையில் காசோடு நிற்பேன். வகுப்பிலும் அப்படித்தான். விடை தெரிந்திருந்தாலும் கை மேலே எழாது. நீங்கள் பக்கத்தில் நின்று கேட்கும்போது எனக்கும் சேர்த்தே கேட்பதுபோல இருக்கும். அதனால் நான் கேட்க வேண்டிய தேவையே வரவில்லை.

உங்களுக்கு உடம்பு முடியாமல் போனதும் பஸ்ஸும் நின்றது, அந்த நடையும் நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு மாலையில் எதுவும் பிடிக்காமல், சோம்பு பன் இருந்தால் அரைப் பன் தின்பேன் என்றீர்கள். நான் ஓடினேன். எந்தக் கடையிலும் இல்லை. கிரீம் பன் ஒன்றை வாங்கிவந்து கொடுத்தேன். என் முகத்துக்காக ஒரு வாய் தின்றுவிட்டு, "நான் படுத்தேன், பாரு, பன்னும் படுத்துருச்சு" என்று சிரித்தீர்கள். எல்லோரும் சிரித்தோம். அது வேடிக்கைக்குச் சொன்னது என்றுதான் அன்று நினைத்தேன்.

முதலாம் ஆண்டுத் திதி நெருங்கியது. உங்களுக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்துக் கும்பிட வேண்டும் என்று அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தக்காளிச் சாதம், பருப்பு வடை, கட்டித் தயிர். "சோம்பு பன்" என்றேன். அப்பா, "அது இப்ப எங்க கெடைக்குது? எந்தப் பன்னா இருந்தா என்ன, ஒண்ணை வெச்சுக் கும்பிடு" என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போய்விட்டார். எந்தப் பன்னாக இருந்தாலும் என்றால், யாராக இருந்தாலும் என்பதுபோல எனக்குக் கேட்டது. இலையில் உங்கள் பன்தான் இருக்க வேண்டும் என்று முடிவுசெய்தேன்.

காலையில் கடைகளுக்கு ரொட்டி, பன் போடும் அண்ணனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மொபெட்டின் பின்னால் பெரிய தகரப் பெட்டி கட்டியிருப்பார். பள்ளிக்குப் போகும் வழியில் அவரை மறித்தேன். மறித்தேன் என்பது பெரிய வார்த்தை. வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவராகவே, "என்ன பாப்பா?" என்றார்.

"சோம்பு பன் இப்ப வர்றதில்லீங்களாண்ணா?"

அவர் பெட்டியை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "அதெல்லாம் நின்னு போச்சு பாப்பா. பேக்கரி மாஸ்டர் ஒரு தட்டுக்குக் கம்மியா மாவு பெசைய மாட்டாரு. முன்னால இந்த லைன்ல நல்லா ஓடிக்கிட்டு இருந்துச்சு. எந்தக் கடையில வண்டிய நிறுத்துனாலும் சோம்பு பன் கேட்டாங்க, சோம்பு பன் கேட்டாங்கம்பாங்க. என்ன ஆச்சோ, ஊரே ஒண்ணாச் சேந்து கேக்கறதை நிறுத்திருச்சு."

நான் அங்கேயே நின்றுவிட்டேன். அத்தை, அந்த ஊர் நீங்கள்தான். ஒவ்வொரு கடையிலும் கேட்டது நீங்கள் ஒருவர்தான். நீங்கள் கேட்டதால் கடைக்காரர்கள் எடுத்துவைத்தார்கள். கண்ணில் பட்டதால் மற்றவர்கள் வாங்கினார்கள். பனிமூட்டம்போல நம் ஊர் முழுக்க இருந்த அந்த விருப்பம் ஒரே ஒரு வாயிலிருந்து வந்திருக்கிறது. அன்று முதல் பாடவேளை முழுவதும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் மாறி மாறி வந்தன.

என் பக்கத்தில் உட்காரும் ஷபானாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுடைய வாப்பா சேலத்திலிருந்து சரக்கெடுத்துவந்து இங்கே மளிகைக் கடை வைத்திருக்கிறார். "அப்ப கேக்க வேண்டியதுதானேடி. நம்ம கடையிலிருந்தே ஆரம்பி. எங்க வாப்பா உன்னைக் கடிக்க மாட்டாரு" என்றாள்.

அவள் கூடவே வந்தாள். முதல் கடையில், அவள் வாப்பாவின் முன்னாலேயே, என் குரல் வெளியே வரவில்லை. "என்னம்மா வேணும்?" என்று அவர் மறுபடி கேட்டார். உங்கள் வார்த்தைகளை அப்படியே எடுத்து வெளியே வைத்தேன். இருக்குதுங்களா என்பதை இருக்காதுங்களா என்பதுபோலச் சொல்லியிருப்பேன். "இல்லையேம்மா. வேணும்னா சொல்லி வெக்கறேன்" என்றார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. அடுத்த கடையில் குரல் கொஞ்சம் தெளிந்தது. ஷபானா என்னைவிட மோசம். அவள் நடிக்கவே ஆரம்பித்துவிட்டாள். "ஊட்ல பாப்பா சோம்பு பன் வேணும்னு அழுவுதுங்க" என்று டீக்கடைக்காரரிடம் சொன்னாள். அவள் வீட்டில் அவள்தான் கடைக்குட்டி.

ஒவ்வொரு மாலையும் கேட்டோம். வகுப்புத் தோழிகளும் தங்கள் தெருக்களில் கேட்டார்கள். ஒரு நாள் மொபெட் அண்ணன் என்னைப் பார்த்ததும் வண்டியை மெதுவாக்கி, "பாப்பா, ஊரு திருந்திருச்சு! மாஸ்டர் தட்டுப் போட்டுட்டாரு" என்று கத்திவிட்டுப் போனார். அன்று மாலை நானும் ஷபானாவும் கடை வாசலிலேயே ஒன்றைப் பிய்த்துத் தின்றோம். பாதிப் பன்னை மென்றபடி அவள், "நல்லா இருக்குது, ஆனா இதுக்கா இத்தனை பாடு?" என்றாள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து பார் என்றேன்.

திதிக்கு முந்தைய நாள் மாலையில் படையலுக்கு வாங்கப் போனேன். முதல் கடையில் தீர்ந்துவிட்டது. அடுத்த கடையில், "இப்பத்தான் தீந்துச்சு சாமி. என்னமோ எல்லாரும் இதையே கேக்கறாங்க" என்றார். டீக்கடையில் காலிப் பெட்டியைத் திறந்தே காட்டினார்கள். எங்கேயும் இல்லை. நாம் உருவாக்கிய ஊர் நம் பன்னைத் தின்றுவிட்டது. வெறுங்கையோடு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா நூலைப் பிடித்த கையோடு அப்படியே நின்றார். "எல்லாக் கடையிலயும் தீந்து போச்சா?" என்று கேட்டார். ஆமாங்கப்பா என்றேன்.

காலையில் எழுந்தபோது நம் தறி ஓடவில்லை. அப்பாவையும் காணோம். அம்மா இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். வடை வெந்து, உங்கள் படத்துக்குப் பூ வைத்து முடிக்கும் நேரத்தில் அப்பா வந்தார். கையில் பெயரில்லாத கவர். மொபெட் வரும் முக்கில் விடியலிலிருந்தே காத்திருந்து, பெட்டி திறந்ததும் வாங்கியிருக்கிறார்.

"வாங்குனதும் வந்துருக்கலாமில்லங்க, வடை ஆறுது. இவ்வளவு நேரம் எங்க போனீங்க?" என்று அம்மா கேட்டாள்.

அப்பா சட்டைக் கையைச் சரிசெய்தார். "வர்ற வழியில நாலு கடையில கேட்டுட்டு வந்தேன்."

"என்னத்த?"

"சோம்பு பன்னுதான்."

"கையில வெச்சுக்கிட்டா?"

"பின்ன? நாளைக்கும் வரோணுமில்ல."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா கவரைப் பிரித்துப் பன்னை இலையின் நடுவில் வைத்தார். வடையைத் தள்ளி இடம் பண்ணி வைத்தார். "அக்கா" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு நாங்கள் கும்பிட்டோம்.

அத்தை, இப்போது வகுப்பில் என் கை எழுகிறது. கேள்வி கேட்பதற்குத்தான் அதிகம் எழுகிறது. தமிழ் ஆசிரியை, "உனக்கு இன்னைக்கு என்ன சந்தேகம்?" என்று நான் எழுவதற்கு முன்பே கேட்கிறார். பள்ளி நூலகத்தில் இல்லாத புத்தகங்களை நானும் ஷபானாவும் தனித்தனியாகப் போய்க் கேட்கிறோம். போன வாரம் அதில் ஒன்று வந்துவிட்டது.

நேற்று பேச்சுப்போட்டிக்காகச் சேலம் போயிருந்தேன். பஸ் ஏறும் இடத்தில் ஒரு பேக்கரி. கண்ணாடிக்குப் பின்னால் எத்தனையோ வகைகள் இருந்தன. சோம்பு பன் இருக்குதுங்களா என்று கேட்டேன். "அப்பிடி ஒண்ணை நான் கேள்விப்பட்டதே இல்லையேம்மா" என்றார் கடைக்காரர். பரவாயில்லைங்க, அப்புறம் வாரேன் என்று சொல்லிவந்தேன். வெள்ளிக்கிழமை அப்பா நூல் எடுக்கச் சேலம் போகிறார். கடை இருக்கும் இடத்தை அவருக்குச் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது ஆளாக அவர் போய்க் கேட்பார்.