சமையலறை விளக்கும் சிவப்பு பல்பும்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம்.

உங்கள் சமையலறை விளக்கைப் போட்டால் இங்கே என் அறையில் சிவப்பு பல்பு எரிய, நானே இன்டர்நெட் வழியாக இயங்கும் ஒரு பெட்டி செய்து அங்கே மாட்டிவிட்டு வந்தேனே, அந்தப் பல்பு ஒரு வாரமாக எரியவில்லை. போனில் கேட்டால், "தினமும் ராத்திரி சமைச்சுத்தாம்மா சாப்பிடறேன்" என்கிறீர்கள். என் கைவேலையைத்தான் சந்தேகப்பட்டேன். இங்கே பல்போடு இருக்கும் பெட்டியில் ஈயம் உருக்கி ஒட்டிய இடங்களையெல்லாம் பிரித்து மறுபடி ஒட்டினேன்; அப்படியும் ராத்திரி பல்பு எரியவில்லை. விரலைச் சுட்டுக்கொண்டேன், லேசாகத்தான். அறைத்தோழி, "நீ ரூமையே கொளுத்திடுவ போல" என்று சிரித்தாள்.

நேற்று நீங்கள் வெளியே போயிருந்தபோது, சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அக்காவை அந்த விளக்கைப் போடச் சொன்னேன். இங்கே பல்பு பளிச்சென்று எரிந்தது. பெட்டியில் கோளாறில்லை; நீங்கள்தான் ஒரு வாரமாக ராத்திரியில் சமைக்கவே இல்லை.

அக்காவைக் கோபிக்காதீர்கள். கொஞ்சமாவது சமைத்துச் சாப்பிடுங்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது.

விளக்கை மட்டும் போட்டு என்னை ஏமாற்றிவிடாதீர்கள், அப்பா.

உங்கள் மகள்