டிரைவரம்மாவின் இரண்டு வேன்கள்

மார்ச் 3

அன்புள்ள வாண்டுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான்கு பக்கத்தில் மூன்று பக்கம் டிரைவரம்மா. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள், பழைய வேன் இரண்டைப் பிடித்து, சிறுநீரகம் பழுதானவர்களை வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு ஏற்றிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிறாள். உங்கள் அறக்கட்டளை அவளுக்கு மூன்று வருடம் கைகொடுக்கப் போகிறது. சந்தோஷம்.

நாங்கள் ஆறு பெண்கள் பதினோரு வருடமாக வீடு வீடாகப் போய், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைக் குளிப்பாட்டிப் புண்ணுக்கு மருந்து போட்டுவிட்டு வருகிறோம். எங்கள் விண்ணப்பத்துக்கு 'இம்முறை இயலவில்லை' என்று ஒன்றரை வரி.

போகட்டும். நேற்று உங்கள் வரவேற்பறைப் பெண் போனில் டிரைவரம்மாவைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொன்னாள்: "மேடம் அவங்கள அக்கா அக்கான்னுதான் கூப்பிடுவாங்க. கூடப் பொறந்தவங்கன்னே நெனச்சேன்."

உனக்கு எத்தனை அக்காடி?

இருமலை அலட்சியம் செய்யாதே.

அக்கா


மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

உன் விண்ணப்பத்தை எடுத்தபோது நான் அந்த அறையிலேயே இல்லை. சொந்தக்காரர்களுடையது வந்தால் எழுந்து வெளியே போய்விட வேண்டும். தாழ்வாரத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். முடிவு செய்தது ஐந்து பேர் குழு. நேரில் வந்து பார்க்கிறோம் என்று அவர்கள் கேட்டதற்கு நீ என்ன சொன்னாய்? "மனுஷங்க குளிக்கறத வேடிக்கை பாக்க நாங்க ஆள் சேக்கறதில்ல." நியாயம்தான். ஆனால் அந்த வீட்டுக்காரர்களோடு பேசவாவது விட்டிருக்கலாமே. டிரைவரம்மா குழுவையே வேனில் ஏற்றி ஒரு நாள் முழுக்கச் சுற்றினார். நோயாளிகளே பேசினார்கள்.

வேனில் வருகிறவர்கள் எல்லாரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். எனக்கும் வாயில் வந்துவிட்டது. ஒரு நாள் நீயே போய்ப் பாரேன். சின்ன அமைப்புகளுக்கு விண்ணப்பம் எழுதச் சொல்லித்தர எங்களிடம் ஒருவர் இருக்கிறார். அடுத்த முறை அவரைப் பிடித்துக்கொள்.

உன் வாண்டு


மார்ச் 22

வாண்டுக்கு,

போனேன். யார் என்று சொல்லிக்கொள்ளவில்லை. "நின்னா கால் வலிக்கும், ஏறி உக்காருங்கம்மா" என்றாள். வண்டி உயரம் என்று வாசலுக்குக் கீழே ஒரு மரப்படி வைத்திருக்கிறாள். தையல்காரர் ஒருவரை மணிக்கட்டைப் பிடித்து இறக்கினாள். அக்குளில் கைகொடுத்துத் தாங்க வேண்டும் என்று தொண்டை வரை வந்தது. சொல்லவில்லை.

அவள் அறைச் சுவரில் நீங்கள் இரண்டு பேரும் இருக்கிற படம். அவள் தோளில் நீ சாய்ந்திருக்கிறாய். என் தோளில் நீ சாய்ந்து எத்தனை வருடம் ஆயிற்று?

திரும்பும்போது அவளுடைய வேன் ஒன்று கல்யாண மண்டபத்து வாசலில் நின்றது. அங்கேயா டயாலிசிஸ் செய்கிறார்கள்? கேட்டு வை.

அக்கா


ஏப்ரல் 12

அக்காவுக்கு,

மார்ச் கடைசியில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதாசி வந்தது. வேன்களைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள் என்று. புகார் வந்தால் விசாரணை முடியும் வரை உதவியை நிறுத்த வேண்டும். நிறுத்தினோம். டீசலுக்குப் பணமில்லாமல் இரண்டு வேனும் ஒன்பது நாள் ஓடவில்லை.

மண்டபத்துக் காவலாளிக்கும் டயாலிசிஸ். அவரை ஏற்றத்தான் வேன் அங்கே நின்றது. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒன்பது நாள். அதற்குள் அந்தத் தையல்காரர் அடுத்தடுத்து இரண்டு முறை போக முடியாமல், மூச்சுத் திணறி, அவசரப் பிரிவில் கிடந்தார். பிழைத்துக்கொண்டார். இன்னும் எழுந்து உட்காரவில்லை.

இடது கையால் எழுதினாயா? எழுத்தெல்லாம் கோணல். ஆனால் 'ழ'வின் வால் மட்டும் மாறவில்லை. என் விரலைப் பிடித்து 'ழ' எழுதப் பழக்கிய கை உன்னுடையது. எனக்குத் தெரியாதா?

யாரிடமும் இதுவரை சொல்லவில்லை. திங்கட்கிழமை சொல்லிவிடுவேன். அதற்குள் நீ சொன்னால் நல்லது.


ஏப்ரல் 20

வாண்டுக்கு,

திங்கட்கிழமை காலையில் நான் இயக்குநரைப் பார்க்க வந்தபோது நீ தலையை நிமிர்த்தவே இல்லை. "அந்த லெட்டர எழுதினது நான்தான் சார்" என்றேன். எங்கள் அமைப்பு இனி உங்களிடம் உதவி கேட்டு வர முடியாது என்றார். "தப்பு பண்ணது நான் ஒருத்தி. மத்த அஞ்சு பேரு என்ன சார் பண்ணாங்க?" என்று கேட்டேன். நான் தலைமையிலிருந்து விலகினால் யோசிப்பதாகச் சொன்னார். அங்கேயே எழுதிக் கொடுத்தேன். இப்போது அந்த ஐந்து பேரில் சுருட்டைமுடிக்காரிதான் தலைவி. நான் அவள் அனுப்புகிற வீட்டுக்குப் போகிறேன்.

பிறகு டிரைவரம்மாவிடம் போனேன். வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "என்னப் பத்தி எழுதினதுக்கு ஒருநாள் ஒங்ககூட சண்டை போட்டுக்கறேன். மொதல்ல தையக்காரர் வீட்டுக்குப் போங்க. அவர் சம்சாரம் அந்த ஒம்போது நாளும் வண்டி தேடித் தெருத்தெருவா அலஞ்சுது."

போனேன். அந்த அம்மாள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் திறந்தாள். "முதுகுல புண்ணு வந்துருக்கு. அதப் பாத்துட்டுப் போ. வேற எதுவும் பேசாத" என்றாள். இப்போது தினமும் போகிறேன்.

நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நேற்று அந்த வேன் என்னைத் தாண்டிப் போனது. முன்சீட்டில் நீ, ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு. எனக்கு அப்போதும் வயிறு எரிந்தது.

அக்கா


ஏப்ரல் 27

அக்காவுக்கு,

ஆறு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். அதில் என்ன செய்கிறேன் என்று நீ ஒரு முறைகூடக் கேட்டதில்லை. டிரைவரம்மா ஒரு நாள் சொன்னார்: "நீ வந்தப்புறந்தாம்மா எங்களுக்கு ஒரு தைரியம்." அன்றைக்கே உட்கார்ந்து உனக்கு மூன்று பக்கம் எழுதினேன். விவரம் தெரியாமல் எழுதவில்லை. உனக்குக் கொஞ்சம் எரியட்டும் என்றுதான் எழுதினேன். அது அந்தத் தையல்காரரின் படுக்கை வரைக்கும் போகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கோபம் போகவில்லை. எப்போது போகும் என்றும் தெரியவில்லை. சனிக்கிழமை எனக்கு விடுமுறை. நீ போகிற வீட்டுக்கு நானும் வருகிறேன். வாளி தூக்குவேன், தண்ணீர் மொண்டு ஊற்றுவேன். வழியில் என்னோடு எதுவும் பேசாதே. கூடவே நடந்து வா, போதும்.

வாண்டு