புசல்லாவை ஏற்றத்தில் பிடித்த போத்தல்

என்னங்க,

இன்று காலை என் நீலப் பட்டில் எண்ணெய்க் கறை பட்டுவிட்டது. பக்கத்து வீட்டு டீச்சர், "பெட்ரோல் தொட்டுத் துடைங்க அக்கா, போயிரும்" என்று ஒரு சின்னப் போத்தலைத் தந்துவிட்டுப் போனாள். மூடியைத் திறந்தேன். வாடை மூக்கில் ஏறியதும் சேலை மறந்துபோயிற்று. சனிக்கிழமைகளில் வாசலில் நின்று நீங்கள் வாய் கொப்பளிக்கும் சத்தம்தான் காதில் விழுந்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை முறை பல்லைக் கடித்திருக்கிறேன்! மருந்து வாங்கக் கண்டிக்கு வரும் தோட்ட ஆஸ்பத்திரி நர்சம்மாவைப் புசல்லாவையில் கொண்டுபோய் விடுவது உங்கள் வாடகைக் காருக்குச் சனிக்கிழமை ஹயர். விளக்கு வைப்பதற்குள் திரும்ப வேண்டியவர், சோறு ஆறிப்போன பிறகு வருவீர்கள். கேட்டால் ஒரே பதில். "ஏத்தத்துல கார் நின்னுபோச்சு புள்ள. பம்பு சரியா இழுக்கல."

கண்டி டவுனுக்குள் நாள் முழுக்க ஓடுகிற கார் எங்கேயும் நிற்பதில்லை. அந்த அம்மா ஏறினால் மட்டும் நிற்குமாம். வாயைக் கழுவிக்கொண்டுதான் வீட்டுப் படியே ஏறுவீர்களாம். உங்கள் மேல் எப்போதும் பெட்ரோல் வாடை. அதில் சட்டையிலிருந்து வருவது எது, வாயிலிருந்து வருவது எது என்று யார் கண்டது?

அவள் அழகி. யாழ்ப்பாணத்துக்காரி, மடிப்புக் கலையாத வெள்ளைக் கவுன். என் சேலையில் எந்நேரமும் மஞ்சள் கறை. எனக்கு வயிறு எரிந்தது, வேறென்ன சொல்ல.

ஒரு சனிக்கிழமை மாதா கோயில் பூசைக்கு உடுத்தும் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். "எங்க கிளம்பிட்ட?" என்றீர்கள். "புசல்லாவைக்கு. கார் எப்படி நிக்குதுன்னு பாக்கணும்." நீங்கள் சிரித்தீர்கள். நர்சம்மா பின்னால் ஏறிக்கொண்டு, "அக்காவும் வாறாவோ? நல்லது" என்றாள். அந்த 'நல்லது' எனக்குப் பிடிக்கவில்லை.

பேராதனைப் பாலம் தாண்டியது. கார் நிற்கவில்லை. கெலிஓயாக் கடைகள் போயின, கம்பளையும் போயிற்று. ஒவ்வொரு ஊர் கழியக் கழிய நீங்கள் பொய்யர் என்பது எனக்கு உறுதியாகிக்கொண்டே வந்தது. வீட்டுக்குப் போனதும் பெட்டியைக் கட்டி அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவது என்று தீர்மானித்துவிட்டேன்.

ஏற்றம் தொடங்கியது. ஒரு வளைவில் கார் இருமியது, குலுங்கியது, நின்றே போயிற்று.

மாதாவே! கார் நின்றதற்காகச் சிலுவை போட்டுக்கொண்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்த நடுரோட்டிலேயே உங்களைக் கட்டிப்பிடித்திருப்பேன்.

நீங்கள் பானட்டைத் தூக்கி, கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றிவிட்டு, என்னைப் பார்க்கச் சொல்லி முன்னால் ஹேண்டிலைச் சுற்றினீர்கள். "பெட்ரோல் பீச்சி அடிக்கணும் புள்ள. அடிக்குதா?" சொட்டியது, அவ்வளவுதான். பிறகு டாங்கியிலிருந்து வரும் குழாயில் வாய் வைத்து ஊதினீர்கள். பின்னால் பெட்ரோல் குமிழியிடும் சத்தம் கேட்டது. "வழியில அடைப்பு இல்ல. பம்புக்குள்ள இருக்கிற துணிச் சவ்வு வெடிச்சிருக்கு. சமதரைக்குச் சமாளிக்கும், ஏத்தத்துல இழுக்காது." வீட்டில் நீங்கள் சொன்னதெல்லாம் உண்மையென்று அந்தக் குழாயே சாட்சி சொல்லிவிட்டது.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. நீங்கள் கேட்காமலே நர்சம்மா கைப்பையைத் திறந்து ஆஸ்பத்திரி ரப்பர்க் குழாயை நீட்டினாள். நீங்கள் ஒரு போத்தலில் பெட்ரோல் நிரப்பி, குழாயை அதற்குள் விட்டு, வாயால் உறிஞ்சித் துப்பிவிட்டு, மறுமுனையைக் கார்புரேட்டரில் மாட்டினீர்கள். வாய் கொப்பளித்த கதை எனக்கு அங்கேதான் விளங்கியது. அவளோ முன் சீட்டுப் பக்கம் வந்து நின்றாள். "அக்கா, கொஞ்சம் பின்னால போறியளோ? வழக்கமா நான்தான் போத்தல் பிடிக்கிறனான்."

வழக்கமாகவாம்! நீங்கள் குற்றமற்றவர் என்று தெரிந்த பிறகுதான் என் பொறாமைக்குச் சரியான காரணமே கிடைத்தது. சனிக்கிழமைதோறும் அவள் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் கை தாழ்ந்தால் கார் நின்றுவிடும், அந்தக் கையைப் பார்த்துப் பார்த்து ஓட்டியிருக்கிறீர்கள். நான் வீட்டில் சோற்றுக்கு மூடி போட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"குடுங்க," என்றேன். "இனி நான் பிடிக்கிறேன்."

அந்தக் காலத்துக் காரின் முன்கண்ணாடியைத் தள்ளித் திறந்து, அதன் வழியே போத்தலை உயர்த்திப் பிடித்தேன். கை மரத்துப்போயிற்று, பூசைச் சேலையெல்லாம் பெட்ரோல். "கொஞ்சம் மேல, புள்ள." "ம், இப்ப சரி." "கை வலிக்குதா?" கல்யாணமான நாள்முதல் நீங்கள் என்னிடம் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. பின் சீட்டில் அவள் கைக்கு வேலையில்லாமல் உட்கார்ந்து வந்தாள். எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

நீங்கள் எப்போதோ சொல்லிவைத்த புதுச் சவ்வு கடைசியில் கொழும்பிலிருந்து ரயிலில் வந்தது, பம்பைப் பிரித்து மாற்றினீர்கள். கார் பிறகு நிற்கவேயில்லை. எனக்குத்தான் ஏமாற்றம். ஒவ்வொரு சனிக்கிழமையும், "இன்னைக்கும் நிக்கலியா?" என்பேன். "நீ வந்து போத்தல் பிடிச்சதுல பயந்திருச்சு" என்பீர்கள்.

உங்கள் அடக்கத்துக்கு அவளும் வந்திருந்தாள். என்னைவிட அதிகமாக அழுகிறாளா என்று அந்த நேரத்திலும் ஓரக்கண்ணால் பார்த்தேன். பார்ப்பேன்தானே.

கறை போய்விட்டது. டீச்சரின் போத்தல் இன்னும் என் மடியில் இருக்கிறது. நீங்கள் இப்போது ஏறியிருப்பது பெரிய ஏற்றம். வழியில் கார் நின்றால் உதவிக்கு யாராவது ஓடி வருவார்கள், உங்களுக்கென்றால் எப்போதும் யாராவது வருவார்கள். வேண்டாம், யாரையும் காரில் ஏற்றாதீங்க. ரோட்டோரமாக நிறுத்திவிட்டு நான் வரும்வரை காத்திருங்கள். எவ்வளவு உயர்த்திப் பிடிக்க வேண்டும் என்பது என் கைக்கு இன்னும் மறக்கவில்லை.