இரண்டு பட்டை உயர்த்திய ஜீப்

ஓய், இன்று காலை ஏலக்காய் வாங்கச் சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். ஒரு பட்டறை வாசலில் ஜீப் ஒன்றைக் கட்டையில் ஏற்றி, சக்கரத்தின்மேல் வண்டியைத் தாங்கும் வில்லுப் பட்டைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பழைய கிரீஸ் வாசனை மூக்கில் ஏறியதும் ஏலக்காயாவது, மண்ணாங்கட்டியாவது! அரைமணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். நீர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. அழ வேண்டியவன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

பஸ் டிரைவர் வேலையை உதறிவிட்டு, பட்டாளம் கழித்துப்போட்ட ஜீப்பை வாங்கி வந்து எங்கள் வலியசாலைத் தெருவில் நிறுத்தினீரே, அன்று உம்மைப் பைத்தியம் என்று சொல்லாதவர் இல்லை. நானும் சொன்னேன். சொல்லிக்கொண்டே ஏறி உட்கார்ந்தேன்.

பாலமில்லாத கல்லாற்றை இறங்கிக் கடந்து, மலை ஏறினால் வரும் தேயிலை எஸ்டேட்டில் தலைமைக் குமாஸ்தாவின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. சமையல் என் பொறுப்பு. பாத்திரமும் சாமானும் முதல் நாள் உச்சிவேளைக்குள் மேலே வந்துவிட்டால், இனி எஸ்டேட்டுக்குச் சுமை ஏற்றும் வேலை முழுவதும் உமக்கே என்று மானேஜர் சொல்லியிருந்தார். வராவிட்டால் ஜீப்பை விற்றுவிட்டுப் பழையபடி பஸ்ஸுக்கே போகிறேன் என்று வீட்டில் சத்தியம் செய்துவிட்டு வந்தீர்.

ஒரு வாரம் ஜீப்புக்கு அடியிலேயே கிடந்தீர். பின்பக்கத்தை வெட்டி நீட்டினால் சாமான் கூடுதலாகக் கொள்ளும் என்றார் கொல்லர். வால் நீண்டால் வளைவில் மலையை இடிக்கும் என்று மறுத்தீர். பிறகு உயரத்தைப் பற்றிய யோசனை.

"சாமி, ஒசத்துனா ஆத்துக்கல்லு அடியில தட்டாது. ஆனா வளைவுல ஆடும் பாத்துக்கிடும். தாழ்த்துனா சவத்து வண்டி வளைவுல நல்லா நிக்கும், ஆத்துலயும் நின்னுரும்."

"பாயசமும் அப்படித்தான் ஓய். குறுகக் குறுக ருசி. அடிபிடிக்கற பயமும் அப்பத்தான்" என்றேன்.

"அப்ப நீரு என்ன செய்வீரு?"

"பக்கத்துலயே நின்னு கிளறுவேன்."

சிரித்துவிட்டு, சக்கரத்துக்கு இரண்டு வில்லுப் பட்டை கூடுதலாகப் போட்டு உயர்த்தினீர். ஜீப்பின் தரையில் அரிசி மூட்டைகளை அடுக்கி ஓட்டிப் பார்த்தீர். ஆடவில்லை. ஊரையே ஜெயித்த மாதிரி வந்தீர்.

தப்பு அங்கேதான். பாயசம் காய்ச்சும் பெரிய வெண்கல வார்ப்பைப் பற்றி நீர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. புறப்படும் காலையில் அதை மூட்டைமேல் கவிழ்க்கப் போனீர். நான் பாய்ந்து தடுத்தேன்.

"கல்யாணத்துக்குப் போற வார்ப்பைக் கவுக்கப்படாது ஓய்! காலியாவும் போகப்படாது!"

அதனால் வாய் மேலே பார்க்க வைத்து, நூறு தேங்காயைக் கொட்டி நிரப்பினோம். அத்தனை பாரமும் உச்சியில்.

ஆற்றில் ஜீப் அன்னநடை போட்டது. ஒரு கல் தட்டவில்லை. நான் கைதட்டினேன். ஆனால் மேலே பாதையே பள்ளத்துப் பக்கம் சரிந்திருந்தது. முதல் கொண்டை ஊசி வளைவில் மலைப்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. வார்ப்பு முனகியது. நான் தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். நீர் பிரேக்கை மிதித்து நிறுத்தி, என்னைப் பார்த்தீர். வார்ப்பைக் கவிழ்த்துவிடலாமா என்று நீர் வாய் திறந்து கேட்கவில்லை. என் நம்பிக்கைக்கு நீர் கொடுத்த மரியாதை அது. அதை இன்று நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது.

"ஒரு பிடி அரிசி இருந்தாலே அது காலி இல்லே" என்றேன். சாஸ்திரம் அந்த நிமிஷத்தில் நானே எழுதியது. ஒரு பிடி அரிசியை வார்ப்பில் போட்டுவிட்டு, தேங்காயை அள்ளி மூட்டை இடுக்குகளில் திணித்தோம். அப்படியும் ஆட்டம் முழுசாகப் போகவில்லை. நீர் என் தொந்தியை ஏற இறங்கப் பார்த்தீர்.

"சாமி, இத்தன காலம் தின்னது இன்னைக்கு உதவட்டும். மேல்கம்பியப் பிடிச்சுக்கிட்டு வெளிய ஏறி நின்னு மலைப்பக்கமா சாயும்!"

சாய்ந்தேன், ஓய்! ஒவ்வொரு வளைவிலும் "சாயும்!" என்று நீர் கத்த, வேட்டி காற்றில் பறக்க, நான் பாறையை உரசுகிற மாதிரித் தொங்கினேன். பயம் எந்த வளைவில் போனதென்று தெரியவில்லை. கடைசியில் நான்தான் "இன்னும் வேகமா!" என்று கத்தினேன். உச்சிவேளைக்கு முன்னே போய் நின்றோம். மானேஜர் வெளியே வந்தபோதும் கம்பியிலிருந்து என் விரல்கள் பிரியவில்லை. எஸ்டேட் சுமை உமக்கே என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

மறுவாரம் ஒரு பட்டையைக் கழற்றினீர், ஒன்றை விட்டுவைத்தீர். "ஆத்துக்கும் வளைவுக்கும் கொஞ்சம் கொஞ்சம் பிணக்கு இருக்கத்தான் செய்யும் சாமி. வண்டி ஓடிக்கிடும்" என்றீர். கடைசிவரை ஓடத்தான் செய்தது.

போன வாரம் இன்னொரு கல்யாணத்துக்கு மலையேறினேன். பெரிய பஸ், ஜன்னலோர சீட், யாரும் சாயச் சொல்லவில்லை. ஆனாலும் வளைவு வந்ததும் என் உடம்பு தானாக மலைப்பக்கம் சாய்ந்தது. பக்கத்தில் இருந்தவர் நசுங்கிப்போய் முறைத்தார். "இனி போதும், நேரே நில்லும் சாமி" என்று நீர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், ஓய். நான் இன்னும் சாய்ந்துகொண்டே இருக்கிறேன்.