சிவப்புக் காரில் லோயர் கேம்ப் வரை

என் பிரின்சிக்கு,

அப்பாவின் சிவப்புக் காரை விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். இப்போது நான்தான் அதை ஓட்டுகிறேன், சிரிக்காதே. அந்தக் காலத்துப் பந்தயக் காரைப் போலவே கோயம்புத்தூரில் செய்யச் சொல்லி அவர் வாங்கி வந்த அன்று, இந்த வயதில் எதற்கு இரண்டு சீட் வண்டி என்று சண்டை போட்டவள்தான் நான். அவர் ஓட்டிய காலத்தில் அதில் ஒருநாளும் ஏறியதில்லை.

இனி சாவியை அவரிடம் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, அப்பா அந்தக் காருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். பார்க்கச் சகிக்காமல் ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

நேற்று லோயர் கேம்ப் வரை போனோம். கம்பம் தாண்டியதும் திராட்சைத் தோட்டத்துக் காற்று முகத்தில் அடித்தது. அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

“நல்லா ஓட்டுறீகளே” என்றார். பிறகு என் பக்கம் சாய்ந்து, “எங்க வீட்ல மட்டும் சொல்லிறாதீக. இந்த வண்டின்னாலே அவளுக்கு ஆகாது” என்றார்.

“சொல்லமாட்டேங்க” என்றேன்.

“ஒரு நா அவளையும் இதுல கூட்டியாரணும்.”

ரோட்டைப் பார்த்தே ஓட்டினேன்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறாய் அல்லவா? வந்ததும் அவரிடம் உன் பெயரை நீயே சொல்லிவிடு. அழாமல் சொல்.

அம்மா