அதிரசத்தால் வீழ்ந்த கிளி குறித்து நெடுங்குன்றத்தாருக்கு

மழை தவறாது பொழிக, வயல் நிறைக, நெடுங்குன்றத்தில் வயிறுடைய உயிர்கள் யாவும் பிழைத்திருக்க.

செங்கழனி நாடாளும் அரசி செம்மலர்க்கோதை, தன் தங்கை நறுவீயின் கணவரும், உபசரிப்பில் எல்லை அறியாதவருமான நெடுங்குன்றத்துத் தலைவர் சாத்தமாராயருக்கு விடுக்கும் ஓலை.

தங்கள் திருமணத்துக்கு யாம் அளித்த கிளி நோயுள்ள கிளி என்றும், அதற்கு ஈடாக நல்ல கிளி ஒன்று அனுப்புவதே எமக்கு அழகு என்றும் தங்கள் தூதர் நேற்று எம் அவையில் உரைத்தார். அந்தக் கிளியை மடியில் ஏந்தி நறுவீ எம் அருகிலேயே அமர்ந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை.

தங்கள் அன்பின் ஆழத்தை அவள் சொல்லி அறிந்தோம். காலையில் நெய் சொட்டும் அதிரசம். நண்பகலில் உப்பு மிகுந்த வடை. மாலையில் "வேந்தர் வாழ்க" என்று கூவினால் ஒரு துளி கள். பறவைக்கு இவை ஆகா என்று அவள் தடுத்தபோது, அரண்மனைக் கிளி தினை கொறித்தால் ஊர் என்ன நினைக்கும் என்று வினவினீர்களாம். ஊர் நினைத்ததை அறியோம். கிளியின் ஈரல் நினைத்ததை எம் மருத்துவர் அறிந்தார்.

அயல்நாட்டார் முன்னிலையில் தங்களை வாழ்த்த வாய் திறந்த கிளி, தன் உடல் பாரம் தாங்காது தங்கள் காலடியில் விழுந்ததும், அது திருவடி தொழுதது என்று அவைப்புலவர் பாடியதும், புலவருக்குப் பொன்னாடை அளித்த தாங்கள் கிளிக்கு நீர் அளிக்க மறந்ததும் கேட்டு வியந்தோம். அன்றே நறுவீ அதைப் பல்லக்கில் எடுத்து வந்தாள். இறகு உதிர்ந்து, மூச்சிரைத்துக் கிடந்த அதனிடம், "செத்துடாதடா, செத்துடாதடா" என்று வழிநெடுக அழுதாளாம்.

இங்கே முளைகட்டிய பயறும், தினைக்கதிரும், முருங்கை இலையும், வேலியில் பழுத்த கோவைப்பழமும் கொடுத்தோம். இத்தனை எளிய உணவா என்று யாம் வெட்கினோம். கிளியோ அனைத்தையும் அலகால் தள்ளிவிட்டு அதிரசம் கேட்டு அலறிற்று. நறுவீ பக்கத்தில் அமர்ந்து தானே பயறு மென்று காட்டிய பின்னரே தின்னத் தொடங்கிற்று. இப்போது மாமரத்து உச்சிவரை பறக்கிறது. "வேந்தர் வாழ்க" மறந்துபோயிற்று. காண்போரிடமெல்லாம் "செத்துடாதடா" என்கிறது. தங்கள் தூதரிடமும் சொன்னது. அவர் விருந்திலிருந்து பாதியில் எழுந்துவிட்டார்.

ஆதலின் வேறு கிளி அனுப்புவதற்கில்லை. மனைவி எப்போது திரும்புவாள் என்று கேட்கத் தங்கள் தூதரைத் தாங்கள் பணிக்கவில்லை என்பதையும் குறித்துக்கொண்டோம்.

முடியும் பரிவாரமும் இன்றித் தாங்களே வருக. கோவைப்பழம் பறித்துக் கையில் ஏந்தி நிற்க. கிளி வந்து உண்டால் அதைக் கொண்டு செல்லலாம். நறுவீ வருவது அவள் விருப்பம். அவளிடம் எப்படிக் கேட்பது என்பதை வழியில் யோசித்து வருக.

இஃது எம் ஆணை. நாரை இலச்சினை பொறித்தோம். அரக்கு உலருமுன் ஓலையின் விளிம்பைக் கிளி கொத்திவிட்டது. அதையும் முத்திரையாகவே கொள்க.